காணாக்கடி

முதல் தடிப்பு என் இடது மணிக்கட்டில் வந்தது. வளையல் அழுத்தியிருக்கும் என்று நினைத்து அதை மேலே தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன். திருவள்ளூரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் அப்போது எனக்கு வேலை. அவர் சொல்லச் சொல்ல கிரயப் பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மனைக்கு நான்கெல்லை அடித்துக்கொண்டிருந்தேன். வடக்கு முடிந்து தெற்கு எல்லைக்கு வருவதற்குள் விரல் முட்டிகளில் தினவெடுத்தது. பதினோரு மணிக்கு இரண்டு கைகளும் முழங்கை வரை தடித்துச் சிவந்துவிட்டன. மேலுதடு கனத்துத் தொங்குவது போலிருந்தது. பத்திரம் பதிய வந்து எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா ஆச்சு உனுக்கு? மூஞ்சியப் பாத்தியா கண்ணாடில?" என்றார் பத்திர எழுத்தர். "ஊட்டுக்குக் கெளம்பு. போற வழில டாக்டரப் பாத்துட்டுப் போ."

எனக்கு முப்பத்தொரு வயது. அதுவரை கத்தரிக்காயோ கருவாடோ எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. தும்மல்கூட அபூர்வம். டாக்டர் ஒரு ஊசி போட்டார், பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் அடங்கி, தோல் ஒன்றுமே நடக்காதது போல வழவழப்பாகிவிட்டது. மறுநாள் காலையில் தொடையிலும் முதுகிலும் கிளம்பியது.

நாங்கள் மாடி போர்ஷனில் குடியிருந்தோம். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா தனியாக இருந்தார். என் மகளை ஸ்கூல் விட்டதும் அவர்தான் பார்த்துக்கொள்வார். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காணாக்கடிம்மா" என்றார். "எதோ கடிச்சிக்குது. எதுன்னு நீ பாக்கல. அவ்ளோதான். வெத்தலைல மெளகு வெச்சி மெல்லு, போய்டும்."

மென்றேன். அறுகம்புல் அரைத்துக் குடித்தேன். கத்தரிக்காயை விட்டேன், பிறகு முட்டையை, கருவாட்டை, இறாலை, வேர்க்கடலையை. சோப்பை மாற்றினேன். தலைக்கு வைக்கும் எண்ணெயை மாற்றினேன். காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் தின்றதையெல்லாம் எழுதி வைத்தேன். வெறும் ரசம் சாதம் சாப்பிட்ட நாளில்தான் இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கியது. அன்று என் மகள் என் பக்கத்தில் வராமல் கதவோரமாகவே நின்றாள். யு.கே.ஜி படித்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதும், "எங்கம்மா எப்ப வருவாங்க?" என்று என்னிடமே கேட்டாள்.

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் வேலை. பெயின்ட் கம்பெனிகளுக்கு நிறப்பொடி அரைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட். அவர் இருந்தது செங்காவிப் பொடி அரைக்கும் மிஷினில். விடியற்காலையில் கிளம்பி, பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போவார். திரும்பி வர ஏழரை, எட்டு ஆகும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் காது மடலுக்குப் பின்னாலும் நகக்கண்ணிலும் அந்தச் சிவப்பு போகாது. வந்ததும் மாடிப்படியின் மேல்படியில் உட்காருவார். நான் பழைய துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு அவர் காதுகளைத் துடைத்துவிடுவேன். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அன்றைக்கு நடந்ததையெல்லாம் பேசிக்கொள்வோம். அவர் சட்டையில் மழையில் நனைந்த செங்கல்லின் வாசனை இருக்கும். கல்யாணமான புதிதில் அந்த வாசனை எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அது இல்லாமல் அவர் வந்ததாகவே எனக்குத் தோன்றாது.

இரண்டு மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த தோல் டாக்டரிடம் இருவரும் போனோம். ரத்தம், யூரின் எல்லாம் பார்த்தார். எதிலும் ஒன்றுமில்லை. வயதான, பொறுமையான மனிதர். ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு என் கணவரின் கைகளைப் பார்த்தார்.

"நகத்துல என்ன சார் செவப்பா இருக்கு?"

இவர் வேலையைச் சொன்னார்.

"அதுனால இருக்குமா சார்?" என்று கேட்டபோதே இவர் குரல் இறங்கிவிட்டது.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இந்த மாதிரி தடிப்புக்கு நெறைய பேருக்குக் காரணமே தெரியறதில்ல. தானா வரும், தானா போகும். மாத்திரைய விடாம போடட்டும்."

டாக்டர் ஐந்து வாக்கியம் சொன்னார். என் கணவர் முதல் வாக்கியத்தோடு எழுந்துவிட்டார். எங்கள் தெருமுனையில் நின்று, "ரெண்டு மாசமா உனுக்கு நான்தான் வெசத்த வாரிக்கினு வந்துகிறேன்" என்றார்.

"அவுரு அப்டியா சொன்னாரு?"

"வேற எப்டி சொல்வாங்க? மூஞ்சிக்கு நேரா சொல்வாங்களா?"

அன்றிலிருந்து கம்பெனியிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வேலைச் சட்டையைத் தானே துவைத்தார். மாடிப்படியில் உட்காருவதை நிறுத்தினார். எண்ணெய்த் துணியோடு நான் போனால், "வேணாம், நானே தொடச்சிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விடுவார். படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். அப்படியும் தடிப்பு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் என் உள்ளங்கைகள் வீங்கி, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே நின்றவர், அடுத்த திங்கட்கிழமை பையைக் கட்டிவிட்டார். எஸ்டேட் பக்கத்தில் அவரோடு வேலை செய்யும் மூன்று பேர் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள். நான்காவது ஆளாகப் போய்ச் சேர்ந்தார். போகும்போது வீட்டிலிருந்த அவர் துணிகளையெல்லாம் எடுத்துக்கொண்டார். தட்டு, டம்ளர்கூட.

"ஒரு மாசம் பாப்போம்" என்றார். "நல்லாயிட்டா காரணம் தெரிஞ்சிடும்ல?"

அவர் போன ஐந்தாம் நாள் தடிப்பு நின்றுவிட்டது.

ஒரு வாரம், இரண்டு வாரம், எதுவும் இல்லை. தெருவில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். "பாத்தியா, உம் புருசன் சொன்னது சரியாப்போச்சி" என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா. கண்ணாடியில் என் தெளிந்த முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஒரு தடிப்பாவது வராதா என்று காலையில் எழுந்ததும் கையைப் பார்த்துக்கொள்வேன். யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, ரூம் பக்கத்து டீக்கடையில் இருந்த காயின் போனிலிருந்து கீழ்வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிடுவார். ஹவுஸ் ஓனர் அம்மா டி.வி சத்தத்தைக் குறைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கமும் டீக்கடைக் கூட்டம்.

"சாப்டியா?"

"ம். நீங்க?"

"ஆச்சி. தடிப்பு?"

"இல்ல."

"நல்லது" என்பார். அந்த 'நல்லது' எனக்கு ஆகாது. மகள் பிடுங்கிக்கொண்டு, "நைனா, எப்போ வருவ?" என்பாள். ஆந்திர எல்லையோரம் பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள் என்பதால் அவர் வீட்டு வழக்கப்படி அவளுக்கு அவர் நைனா. இன்னொரு காசு விழும் சத்தம் கேட்கும். அதன் பிறகு அவள் பேசுவதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் குளக்கரையில் சந்தித்துக்கொண்டோம். வீட்டுக்கு வர மாட்டார். இதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி, பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கட்டணக் கழிப்பறையில் அதை மாற்றிக்கொண்டு வருவார். குளத்துப் படியில் எனக்கு இரண்டு படி கீழே உட்காருவார். மகள் பொரி வாங்கி மீனுக்குப் போடுவாள். அவள் ஓடிவந்து மடியில் ஏறினால் அணைத்துக்கொள்வார். பிறகு அவள் என்னிடம் வரும்போது அவர் முகம் மாறும். என்னவோ தீப்பிடித்த துணியை என் மேல் வீசிவிட்டது போலப் பதறுவார். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆனவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்து பேசினோம். அவர் பின்கழுத்தில் முடி வளர்ந்திருக்கும். கை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்ட மாட்டேன். பஸ் ஏறி அவர் போன பிறகு நாள் முழுக்க அந்தக் கழுத்துதான் கண்ணில் நிற்கும்.

நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு சந்திப்புக்கு மறுநாள் என் கழுத்தில் இரண்டு தடிப்பு வந்தது. சின்னது. அரை மணி நேரத்தில் அடங்கியும்விட்டது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அன்று மகள் போனை வாங்கியதும் முதல் வார்த்தையாக, "நைனா, அம்மா கழுத்துல மறுபடியும் வந்துச்சு" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. "ஓவர்டைம்" என்றார். நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று ஹவுஸ் ஓனர் அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அந்த நாட்களில் பரணிலிருந்து ஒரு பையை இறக்கும்போது, அடியில் அவருடைய பனியன் ஒன்று கிடைத்தது. கழுத்துப் பட்டையில் செங்காவிக் கறை. துவைத்ததுதான், ஆனாலும் வாசனை இருந்தது. கதவைத் தாழ்போட்டுவிட்டு அதை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குக்கர் விசில் அடித்ததும்தான் எழுந்தேன். அதைக் கையில் சுற்றிக்கொண்டே சமைத்தேன். காலையில் பார்த்தால் கையில் ஒன்றுமே இல்லை. முகத்திலும் இல்லை. அன்று எட்டு மணிக்குப் போனில் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"உனுக்கு அறிவு இருக்குதா?" என்று கத்தினார். அவர் என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. "மொதல்ல அதத் தூக்கிக் குப்பைல போடு. இன்னிக்கே போடு. பாப்பா மேல சத்தியம் பண்ணு."

போட்டேன். குப்பை வண்டி வரும்வரை வாசலில் நின்று பார்த்தேன்.

கடைசியாகக் குளக்கரையில் பார்த்ததிலிருந்து இருபத்தாறாம் நாள் அது. காலையில் பல் தேய்க்கும்போது இடுப்பில் அரித்தது. புடவையை விலக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடிப்பு. கண்முன்னாலேயே வயிற்றில் ஒன்று, தோளில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் இரண்டு கைகளும் நிறைந்துவிட்டன. கண்ணாடி முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். மகள் எழுந்து வந்து என்னைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

இருபத்தாறு நாளாக அவர் நிழல்கூட இந்தப் பக்கம் விழவில்லை. பனியன் போய் இரண்டு வாரமாகிவிட்டது. எட்டு மணிவரை காத்திருந்து போனில் சொல்லலாம்தான். ஆனால் அதற்குள் எல்லாம் அடங்கிவிடும். அடங்கிய பிறகு என் வாய்ச்சொல்லை அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். கண்ணால் பார்க்க வேண்டும். மாத்திரையைப் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். மகளைக் கீழே விட்டேன்.

"இப்டியேவா போவப்போற? உதடு வீங்கிக்கினு வருதும்மா" என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா.

"அவுரு பாக்கணும்மா."

என்ன புரிந்ததோ, "சரி, போய்ட்டு வா. பஸ்சுல தூங்கிடாத" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் என் கையைப் பார்த்ததும், "அம்மை போட்டுகிதா?" என்று கேட்டு எழுந்துவிட்டாள். அதன் பிறகு பெரியபாளையம்வரை அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் கையைத் திருப்பிப் பார்த்தேன். காற்றுப் பட்டு மணிக்கட்டில் இரண்டு மங்கத் தொடங்கின. ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன். வேகட்டும் என்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன். மாதக்கணக்கில் போ, போ என்று விரட்டியதை, இன்னும் ஒரு மணி நேரம் இரு என்று கெஞ்சிக்கொண்டு போனேன். பஸ் மாறும்போது கீழுதடும் வீங்கிவிட்டது. தொண்டையில் ஏதோ அடைப்பது போலிருந்தது. கொஞ்சம் பயம் வந்தது. மாத்திரையைத் தொட்டுப் பார்த்தேன். போடவில்லை. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

கம்பெனி கேட்டில் என் கணவர் பேரைச் சொன்னதும், வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் உள்ளே ஓடினார். பத்து நிமிஷம் கழித்து இவர் வந்தார். தலைமுடி, புருவம், சட்டை, எல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்ததும் நாலடி தள்ளி நின்றுவிட்டார்.

"கிட்ட வராத. இன்னா இது? எப்டி வந்த? பாப்பா எங்க?"

"பாப்பா நல்லா இருக்குது. இத பாருங்க." இரண்டு கைகளையும் நீட்டினேன். "இன்னிக்குக் காத்தால வந்துச்சு. நம்ப பாத்து எத்தினி நாளாச்சு, சொல்லுங்க."

அவர் உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது.

"அந்த பனியன்..."

"அது குப்பைல போயி ரெண்டு வாரமாச்சு. ஊட்ல உங்க துணி ஒண்ணுகூட இல்ல. தட்டுகூட இல்ல. நீங்க இல்லீங்க. நீங்க இல்லவே இல்ல."

நான் போய் அவர் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளப் பார்த்தார், விடவில்லை. என் கையில் அவர் விரல் பட்ட இடமெல்லாம் செங்காவி. எது தடிப்பு, எது பொடி என்று தெரியவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கேட்டுக்குள்ளிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர் அழுதாரா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை, முகம் முழுக்க பொடி இருந்ததால் கண்ணைத் துடைத்தால்கூட அப்படித்தான் தெரியும்.

பிறகு என் உதட்டைப் பார்த்தார். "மாத்தர போட்டியா?"

"இல்ல. போட்டா அடங்கிடுமேன்னு..."

"அடிப்பாவி" என்றார். முந்தானை முடிச்சை அவரே அவிழ்த்தார். டீக்கடையிலிருந்து தண்ணீர் வாங்கிக் கொடுத்து, நான் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். வீக்கம் இறங்கும்வரை திட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து மாதத்தில் அவர் என்னோடு பேசியதெல்லாம் சேர்த்தால்கூட அவ்வளவு இருக்காது. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பையோடும் தட்டோடும் வீட்டுக்கு வந்தார்.

தடிப்பு அதோடு நின்றுவிடவில்லை. இன்னும் ஒன்றரை வருஷம் வந்தது. அவர் ஊருக்குப் போன நாளிலும் வந்தது, பக்கத்தில் இருந்த நாளிலும் வந்தது. தினம் ஒரு மாத்திரை போட்டேன். பிறகு வாரத்துக்கு இரண்டு, பிறகு எப்போதாவது. கடைசித் தடிப்பு எந்த நாளில் வந்தது என்று தெரியாது. வராமலே போய்விட்டது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. டாக்டருக்கும் கடைசிவரை காரணம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கோபப்படுவதற்காவது ஒன்று கிடைத்திருக்கும்.

அவர் திரும்பி வந்தார் என்றேன். முழுசாக வந்தாரா என்றால், சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் பேக்கிங் செக்ஷனுக்குக் கேட்டு மாறிக்கொண்டார். சுத்தமாக வந்தார், வந்ததும் இன்னொரு முறை குளித்தார். என் கையைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு நொடி அதைப் பார்ப்பார். தோல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவார். தடிப்பு போய்ப் பல வருஷம் ஆன பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. நினைக்காமல், பார்க்காமல் என் தோள்மேல் சாய்ந்துகொள்கிற ஆள் ஒருவர் இருந்தார். அவருக்காக இன்னும் ஏங்குகிறேன், பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான் என்றாலும்.

மகள் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதம். ஒரு நாள் போனில், கையெல்லாம் அரிக்கிறது, சிவந்துவிட்டது என்றாள். நான் என்னென்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் போனை வாங்கிக்கொண்டார்.

"கண்ணு, நைனா வரட்டா?" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல, வர வேணாமா?"

அவளுக்கு அந்த இரண்டாவது கேள்வி புரியவில்லை. "இன்னா நைனா, வான்னா வரப்போற. புது சோப்பு போட்டேன், அதான் ஒத்துக்கல" என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போய், அவள் வழக்கமாகப் போடும் சோப்பு நாலைந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.